கல்கால் ஊன்றாமல் சவாரிக் களத்தை அடைப்பது எப்படி?

கேள்வி: ஆனைமலை அருகே ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். வாடல் நோயில் மரங்கள் போனதால் தோப்பின் நடுவே நல்ல வெட்டவெளி கிடைத்திருக்கிறது. அதில் 20-க்கு 40 மீட்டரில் ஒரு ரைடிங் அரீனா அமைக்க ஆசை. எங்களிடம் இரண்டு குதிரைகள்: ஒரு மார்வாரிப் பெட்டை, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த காயடித்த தரோபிரெட் ஒன்று. நானும் 11 வயது மகளும் ஓட்டுகிறோம். நிலத்துக்காரர் கல்கால் ஊன்றக் கூடாது என்கிறார். வாரம் ஓரிரு முறை டிராக்டரும் அந்த வழியாகப் போகவேண்டும். தோப்பின் எல்லையில் இருக்கும் முள்கம்பி வேலியே எங்களுக்குப் பயமாக இருக்கிறது, உள்ளே இன்னொன்று வேண்டாம். ஓரத்துத் தென்னைகளுக்கு இடையே நைலான் கயிறு கட்டலாமா? ஆடு மாடு கடிக்காது என்கிறார்களே, சுற்றிலும் அரளி வைக்கலாமா? வெட்டிப்போட்ட தென்னந்தடிகளை வரிசையாகக் கிடத்திவிடலாமா? அல்லது ஆரஞ்சு கோன்களை மட்டும் வைத்து ஓட்டினால் போதுமா?

பதில்: அரளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட நான்கில் குதிரையின் உயிரை நேரடியாக எடுக்கக்கூடியது அதுதான். நெடுஞ்சாலை நடுவில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்துப் பார்த்து, அரளி என்றால் தொல்லை தராத செடி என்று நமக்குப் பழகிவிட்டது. அதன் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆடு மாடு கடிக்காது என்பது பச்சை இலையின் கசப்பினால். கவாத்து செய்து போட்ட கிளை காய்ந்ததும் அந்தக் கசப்பு மட்டுப்படும், நஞ்சு குறையாது. சருகு புல்லோடு கலந்து கிடந்தால் குதிரை அதைப் பிரித்துப் பார்க்காமல் தின்றுவிடும். ஒரு கைப்பிடி இலையே பெரிய குதிரையைச் சாய்த்துவிடும். வயிற்றுவலி, கழிச்சல், இதயத் துடிப்பு தாறுமாறாவது என்று தொடங்கி, ஒரே நாளில் முடிந்துவிடுவதும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே போனது போனதுதான். மஞ்சள் அரளியும் இதே கதை. கன்றுகள் வாங்கி வைத்திருந்தால் நர்சரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உயிர்வேலி என்ற எண்ணம் நல்ல எண்ணம். கொங்கு நாட்டில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் கிளுவை வேலியால் அடைத்து, உள்ளே காங்கேயம் மாடுகளைக் காவல் இல்லாமல் மேயவிட்டவர்கள் நம் ஆட்கள். ஆனால் அந்த வேலிக்கு இருந்த வேலை வேறு. மாடு மெதுவாக மேய்ந்துகொண்டே வேலிவரை வரும், முள் குத்தினால் திரும்பிவிடும். அரீனாவில் குதிரை கேன்டரில் (தாவி ஓடும் வேகத்தில்) வருகிறது, முதுகில் ஆள் இருக்கிறார். முள்கிளுவையின் மேல் போய் விழும் குழந்தையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். முள் இருக்கும் எதுவும் அரீனா ஓரத்துக்கு ஆகாது.

உங்கள் பகுதியில் வேலியோரம் சாதாரணமாகத் தென்படும் செடிகளில் பலவும் குதிரைக்கு எதிரிகள். ஆமணக்கு விதை கொல்லும். காட்டாமணக்கு, உண்ணிச்செடி, எருக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கண்ணே கெடும். சவுண்டல் தழையைத் தொடர்ந்து தின்ற குதிரைக்குப் பிடரி முடியும் வால் முடியும் கொட்டிப்போகும். தென்னந்தோப்புகளில் தழையுரத்துக்காக நடும் கிளைரிசிடியாவும் வேண்டாம். மாடு அசைபோட்டுச் செரிக்கும் பல தழைகளைக் குதிரையின் வயிறு தாங்காது. "மாட்டுக்குப் போடுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்று தோப்பு ஆட்கள் சொன்னால் அதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். எதை நடலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கயிறும் வேண்டாம். தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டிய மெல்லிய நைலான் கயிறு வேகத்தில் வரும் குதிரையின் கண்ணுக்குப் படவே படாது. பட்டபிறகு அது அறுந்துகொடுக்கவும் செய்யாது. காலில் சுற்றினால் தோலை அறுத்துக்கொண்டு போகும். குதிரை மிரண்டு கயிறுக்குக் கீழே நுழைந்தால் ஓட்டுபவரின் கழுத்துக்கு நேராக வரும். குதிரையைச் சுற்றி எங்கே எதைக் கட்டினாலும் இரண்டே கேள்விதான்: தூரத்திலிருந்தே தெரிகிறதா? மோதினால் விட்டுக்கொடுக்கிறதா? நைலான் கயிறு இரண்டிலும் தேறாது. முள்கம்பியும் தேறாது. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. தோல், அதன் கீழ் நரம்பும் எலும்பும். கம்பி கிழித்த காயம் அங்கே ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆறும்போது புண்மேல் சதை பொங்கி வளரும், அதை டாக்டர் திரும்பத் திரும்ப வெட்டிவிட வேண்டியிருக்கும். இன்னொன்று: வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் பலியாவது குதிரை. இரண்டுக்கும் தடுப்பூசி போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று இன்றே பாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கோன்களைத் தவிர எதுவுமே இல்லாமல் ஓட்டலாமா என்பதை நீங்கள் கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்தான் சரியான பதில் இருக்கிறது. டிரெஸ்ஸாஜ் போட்டிகளை, அதாவது குதிரையை வரையறுத்த அசைவுகளில் ஓட்டிக் காட்டும் போட்டிகளை, நினைத்துப் பாருங்கள். ஒலிம்பிக் வரைக்கும் அங்கே களத்தைச் சுற்றி இருப்பது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரமுள்ள வெள்ளைச் சட்டம் மட்டுமே. எந்தக் குதிரையும் ஒரே எட்டில் அதைத் தாண்டிவிடும். எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிப்படி ஓட்டத்தின் நடுவில் குதிரை நான்கு காலும் வெளியே வைத்துவிட்டால் அந்த ஜோடி போட்டியிலிருந்து நீக்கப்படும். அதாவது அந்தச் சட்டம் குதிரையைப் பிடித்து வைப்பதற்காகப் போட்டதல்ல. எல்லை இது என்று குதிரைக்கும் ஓட்டுபவருக்கும் காட்டுகிறது. பிடித்து வைக்கும் வேலையை ஓட்டுபவரின் காலும் கடிவாளமும் உட்காரும் விதமும் செய்கின்றன.

ஆகவே எல்லையைக் காட்டுவது ஒரு வேலை, ஆள் விழுந்து தனியாக ஓடும் குதிரையைச் சாலைக்குப் போகவிடாமல் தடுப்பது இன்னொரு வேலை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கல்கால், கம்பி என்று எல்லோரும் போய் நிற்பது இரண்டையும் ஒரே வேலியிடம் கேட்பதால்தான். பிரித்துவிட்டால் எல்லை காட்டும் வேலைக்குக் குழியே தோண்ட வேண்டாம். உங்கள் நிலத்துக்காரருக்கும் ஆட்சேபணை இருக்காது.

தடுக்கும் வேலையை முதலில் முடியுங்கள். அது தோப்பின் எல்லையில் நடக்கவேண்டியது. குதிரை தனியாக ஓடினால் எங்கே போகும்? பெரும்பாலும் லாயத்துக்கோ, இன்னொரு குதிரை நிற்கும் இடத்துக்கோ போகும். வழி திறந்திருந்து, பின்னால் ஆட்கள் கத்திக்கொண்டு துரத்தினால்தான் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) வழியாகத் தார்ச்சாலைக்குப் போகும். எனவே ஓட்டும் நேரம் முழுவதும் தோப்பின் வெளிக்கேட் பூட்டியிருக்க வேண்டும். "சாத்தியிருக்கிறது" என்பது போதாது, தேங்காய் ஏற்ற வருகிறவர் திறந்துவிட்டுப் போய்விடுவார். எல்லை வேலி முழுவதையும் ஒருமுறை காலாற நடந்து பாருங்கள், நாய் நுழைந்த இடம், காட்டுப்பன்றி கிளறிய இடம், கம்பி தொய்ந்து கிடக்கும் இடம் எல்லாம் கண்ணில் படும். முள்கம்பியை இப்போது மாற்ற முடியாது என்றால், குதிரைக்கு அது தெரியும்படியாவது செய்யுங்கள். கல்கால்களுக்கு வெள்ளையடியுங்கள். மேல்கம்பிக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி, குதிரையின் மார்பு உயரத்தில், 40 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை வேலி டேப்பை மூங்கில் குச்சிகளில் ஓட்டுங்கள். மின்சாரம் வேண்டாம், சும்மா டேப் போதும். குதிரை முதலில் பார்ப்பது டேப்பாக இருக்கும், மோதினாலும் முதலில் விழுவது டேப்பாக இருக்கும். நான்கு பக்கமும் முடியாவிட்டால் அரீனாவிலிருந்து லாயத்துக்குப் போகும் வழியின் இருபுறமாவது செய்துவிடுங்கள்.

மின்வேலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். சவாரி நடக்கும் இடத்தைச் சுற்றி மின்சாரம் ஓடக் கூடாது. விழும் ஆள் அதன்மேல் விழுவார். தவிர, உங்களுடையது காட்டை ஒட்டிய பகுதி. யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் மின்வேலி போட வனத்துறையின் விதிகள் இருக்கின்றன, அவர்களைக் கேட்காமல் ஒரு கம்பிகூட இழுக்காதீர்கள். வீட்டு லைனிலிருந்து நேராகக் கொக்கி போடுவது குற்றம், கொலையும்கூட.

இப்போது அரீனாவுக்குள் வருவோம். 20-க்கு 40 மீட்டர் என்றால் 800 சதுர மீட்டர், ஏறக்குறைய 20 சென்ட். ஆனால் சரியாக அவ்வளவுக்கு மட்டும் இடம் ஒதுக்காதீர்கள். நான்கு பக்கமும் மூன்று மீட்டர் விட்டால் 26-க்கு 46, அதாவது 30 சென்ட் ஆகும். இந்த மூன்று மீட்டர் வெறும் இடம்தான் உங்கள் உண்மையான பாதுகாப்பு. கோட்டைத் தாண்டிய குதிரையைத் திருப்பிக் கொண்டுவர அங்கேதான் அவகாசம் கிடைக்கிறது. அந்த ஓரத்தில் கல், தடி, தண்ணீர்க் குழாயின் வால்வுப் பெட்டி, மோட்டார் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. தென்னை மரமும் அந்த மூன்று மீட்டரைத் தாண்டி இன்னும் நன்றாகத் தள்ளி நிற்கவேண்டும். காய்ந்த மட்டை ஒன்று பக்கத்தில் விழும் சத்தம் போதும், பந்தயத்திலிருந்து வந்த குதிரை ஒரே பாய்ச்சலில் எல்லையில் நிற்கும். ஓரத்து மரங்களில் பழுத்த மட்டையையும் முற்றிய குலையையும் மரம் ஏறுபவரை வைத்து அவ்வப்போது இறக்கிவிடுங்கள்.

எல்லைக்கோட்டுக்கு உங்களிடமே பொருள் இருக்கிறது, அந்தத் தென்னந்தடிகள்தான். ஆனால் உருண்டையாக அப்படியே கிடத்தக் கூடாது. உருளும் தடியில் குளம்பு பட்டால் கணுக்கால் பிசகும். மண்ணில் பாதி புதைத்தால் உருளாது, ஆனால் கரையான் வரும், மழை பட்டு மக்கத் தொடங்கும். மக்கும் தென்னந்தடிதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். வாடல் நோயில் இவ்வளவு மரங்களை இழந்த தோப்பில், மீதி இருக்கும் மரங்களின் குருத்தைக் குடையும் வண்டை நீங்களே வளர்த்துவிடுவீர்கள். (குதிரைச் சாணக் குவியலும் அந்த வண்டுக்குப் பிடித்தமான இடம்தான். குவியலைக் கிளறிவிட்டு, வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்துவிடுங்கள், வேளாண் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.)

தடிகளில் வயதான மரமாகப் பார்த்து, வெளிப்புற வைரம் பாய்ந்த பகுதியை மரமில்லில் கொடுத்துச் சட்டமாக அறுத்து வாங்குங்கள். கூரைக்குச் சட்டம் அறுப்பவர்களிடம் இது சாதாரண வேலை. இளமரத்தின் தடியும் நடுச்சோறும் உதவாது. மூன்று மீட்டர் நீளச் சட்டமாக 40 இருந்தால் 120 மீட்டர் சுற்றளவும் வந்துவிடும். இழைத்து, விளிம்பை மழுக்கி, சிராய் இல்லாமல் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடியுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு தாங்கிக் கட்டைகளின் மேல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஆணி அடிக்காமல் வெறுமனே உட்கார வைக்கவேண்டும். கால் பட்டால் சட்டம் விழட்டும். விழவேண்டும் என்பதற்காகத்தான் ஆணி இல்லை. இன்றைய பந்தய மைதானங்களில் வெள்ளை ரெயில்களை மோதினால் வளைந்து விலகும் பிளாஸ்டிக்கில் அமைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உங்கள் தரோபிரெட்டுக்கு வெள்ளை ரெயிலோரம் ஓடுவது என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும், அந்தப் பழக்கம் உங்களுக்கு இப்போது லாபம். ஆனால் அதன் கூடவே வேகமும் நினைவுக்கு வரும், எனவே முதல் வாரங்களில் அதை நடையிலும் ட்ராட்டிலும் (மிதமான ஓட்டத்திலும்) மட்டும் வைத்திருங்கள்.

பி.வி.சி. குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். வெயில் பட்ட பி.வி.சி. நாளடைவில் நொறுங்குகிற நிலைக்கு வந்துவிடும், மிதித்தால் கத்தி முனை போலச் சிதறும். குழாய்தான் வேண்டுமென்றால் எச்.டி.பி.இ. வாங்குங்கள், அது வளையும், உடையாது. பச்சை நிழல்வலை கட்டுகிறவர்களும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஆடியில் எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படபடவென்று அடிக்கும் வலைக்குப் பக்கத்தில் எந்தக் குதிரையும் நிம்மதியாகப் போகாது, கிழிந்த வலையில் குளம்பு சிக்கினால் இன்னும் மோசம்.

கோன்களை வாங்கிவிட்டீர்கள் என்று தெரிகிறது. நிறத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் ஆரஞ்சும் தனித்துத் தெரியாது. நமக்குப் பளிச்சென்று இருக்கும் ஆரஞ்சு கோன், உங்கள் செம்மண்ணிலும் பச்சைப் பின்னணியிலும் குதிரைக்கு மங்கிப்போய்விடும். பிரிட்டனில் தாண்டல் பந்தயத் தடைகளில் பல காலமாக இருந்த ஆரஞ்சை, குதிரையின் பார்வையை ஆராய்ந்தபின் வெள்ளைக்கு மாற்றினார்கள். கோன்களுக்கு வெள்ளையடித்து, ஆடிக்காற்றில் பறக்காமல் உள்ளே மணல் பை வைத்து, அரீனாவில் இடங்களைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பயன்படுத்துங்கள். நுழையும் பக்கத்தின் நடுவில் ஏ, எதிர்ப்பக்கத்தின் நடுவில் சி. நீளவாக்கில் மூலையிலிருந்து 6 மீட்டரில் கே, எஃப், எதிர்மூலைகளில் ஹெச், எம். நடுவில், அதாவது அவற்றிலிருந்து 14 மீட்டரில், ஒரு பக்கம் இ, மறுபக்கம் பி. எழுத்துகள் வந்துவிட்டால் மகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிதாகும். "அந்தப் பக்கமாகத் திருப்பு" என்பதற்குப் பதில் "இ-யில் திருப்பு" என்று சொல்வீர்கள், அவள் கண் வேலியைத் தேடாமல் போகவேண்டிய இடத்தைத் தேடும்.

சட்டங்கள் அறுத்து வரும்வரை தரையில் கோடு போட்டே தொடங்கலாம். கபடிக் களத்துக்குப் போடுவதுபோல் வெள்ளைக்கோடு. ஆனால் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், ஈரம் பட்டால் குளம்பின் அடியில் 'தவளை' எனப்படும் மெத்தென்ற பகுதியையும் கண்ணையும் அரிக்கும். கோலத்துக்கு விற்கும் கல்பொடி போதும்.

மூன்று மீட்டர் வெறும் இடத்துக்கு வெளியே நான் பரிந்துரைப்பது மண்கரை. கல்காலைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். அடியில் ஐந்தடி அகலம், ஒன்றரை அடி உயரம், உள்பக்கம் சரிவாக. செங்குத்தாக வெட்டினால் இடறும். நாலாபுறமும் போட்டால் ஏறக்குறைய 18 யூனிட் மண் பிடிக்கும், வெளியிலிருந்து வாங்கவேண்டியதில்லை, அரீனாவைச் சமப்படுத்தும்போது எடுக்கும் மேல்மண்ணிலேயே பெரும்பகுதி வந்துவிடும். ஜே.சி.பி. நிற்கும் அன்றைக்கே கரையும் முடிந்துவிடும். குத்தகை முடிந்தால் அதே ஜே.சி.பி.யில் நிரவிவிடலாம். நிலத்துக்காரரிடம் இதைச் சொல்லியே அனுமதி வாங்குங்கள். தாண்ட முடியாத உயரம் என்று சொல்லமாட்டேன், குதிரை நினைத்தால் ஏறிப் போய்விடும். ஆனால் தரை மேலே எழும்புகிற இடத்தில் குதிரை தலையைத் தாழ்த்திக் கால் வைக்குமிடத்தைப் பார்க்கும், அப்போது வேகம் தானாகக் குறையும். உங்களுக்கு வேண்டியது அதுதான். அதில் விழுந்தாலும் மண்ணில்தான் விழுவீர்கள். பள்ளம் வெட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பள்ளம் குதிரைக்குக் கிட்டத்தில் வரும்வரை தெரியாது, கால் ஒடிவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

கரையின் உச்சியில் வெட்டிவேர் நடுங்கள். அரளிக்குப் பதில் இதுதான். முள் இல்லை, நஞ்சு இல்லை, இளம் தழையைக் குதிரை கடித்தாலும் கேடில்லை. வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் படர்ந்து அரீனாவுக்குள் வராது. அரையடிக்கு ஒன்றாக ஒற்றை வரிசை என்றால் ஆயிரம் நாற்று தேவைப்படும். நட்ட முதல் ஆண்டு இடைவெளி தெரியும், இரண்டாம் ஆண்டில் அடர்ந்துவிடும். நான்கடிக்கு மேல் வளரவிடாமல் வெட்டுங்கள். பார்வையை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்தால் அந்தப் பக்கம் திடீரென்று வரும் நாய்க்கோ ஆளுக்கோ குதிரை மிரளும். தூரில் சருகு சேரவிடாதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும், தோப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

லாயம் இருக்கும் பக்கத்தில் மட்டும் இரண்டடிக் கரை போடுங்கள், வாசலை அந்தப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். எந்தக் குதிரையும் சுற்றி வரும்போது வீட்டுப் பக்கம் வந்ததும் தோளைச் சாய்த்து வெளியே இழுக்கும். மற்ற மூன்று பக்கமும் ஒழுங்காக வந்துவிட்டு நான்காவது பக்கத்தில் வட்டம் கோணுகிறது என்றால் காரணம் இதுதான். வாசல் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அந்த இழுப்பு பாதியாகக் குறையும். டிராக்டர் வழியையும் வாசலோடு சேர்த்துவிடுங்கள், பன்னிரண்டு அடி இடைவெளி விட்டு, இரண்டு மூங்கில்களைக் குறுக்கே தாங்கிகளில் வைத்தால் போதும். டிராக்டர் அரீனாவுக்குள் நுழையாமல் வெளி மூன்று மீட்டரில் சுற்றிப் போகட்டும். ஒரே தடத்தில் டயர் அழுத்திய மண் கல்லாகிவிடும், குதிரையின் கால் ஒரு எட்டு மெத்தென்றும் அடுத்த எட்டு கெட்டியாகவும் விழக் கூடாது.

மகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இதுவரை எழுதியது எல்லாம், ட்ராட்டில் போகும் குதிரையைத் தானே நிறுத்தித் திருப்பத் தெரிந்தவருக்கு. உங்களுக்கு அது பொருந்தும் என்றே உங்கள் கடிதத்திலிருந்து நினைக்கிறேன். 11 வயதுக் குழந்தைக்கு அந்தத் திறமை வரும்வரை ஓரடிச் சட்டம் போதாது. அவள் ஒன்று லஞ்ச் கயிற்றில் (குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் நீளக் கயிறு) உங்கள் கையில் இருக்கவேண்டும், அல்லது உண்மையிலேயே அடைத்த சிறிய வட்டத்துக்குள் இருக்கவேண்டும். வெல்டிங் பட்டறையில் மூன்று மீட்டர் அகலம், ஐந்தடி உயரத்தில் இரும்புக் குழாய்ப் பேனல்கள் அடிக்கச் சொல்லுங்கள். 19 பேனல்களை ஊக்குப் போட்டு வட்டமாக இணைத்தால் 18 மீட்டர் விட்டம் கிடைக்கும், அதில் ஒன்று கதவு. வட்டமாக நிற்கும்போது ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், குழி தேவையில்லை. குழாய்களுக்கு இடையே குளம்பு நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடைவெளி இருக்கக் கூடாது, கீழ்க்குழாய் தரையிலிருந்து ஓரடியாவது உயரத்தில் இருக்கவேண்டும், வெல்டிங் பிசிறை உட்புறம் கையால் தடவிப் பார்த்தபின்தான் காசு கொடுக்கவேண்டும். இதை அரீனாவுக்குள்ளேயே சி பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, வேண்டாதபோது கழற்றி அடுக்கலாம். இரண்டு குதிரைகளில் எதை அவளுக்குக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. மார்வாரியை மட்டும் கொடுங்கள். தரோபிரெட் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். சரியான ஹெல்மெட், குதிகால் உள்ள ஷூ, இரண்டும் இல்லாமல் ஐந்து நிமிடம்கூட ஏறக் கூடாது.

அவளை எப்போது வட்டத்திலிருந்து வெளியே விடலாம் என்பதற்கு எனக்கு ஒரு சோதனை உண்டு. வட்டத்துக்குள் கோன் ஒன்றை வைத்து, ட்ராட்டில் வந்து அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாக வந்தாலும், கடிவாளத்தை இழுத்துத் தொங்காமல், உட்காருவதிலும் குரலிலுமே நிறுத்தவேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இதைச் செய்தால் வெளியே விடலாம். முதலில் நீங்கள் பக்கத்தில் நடந்தபடி, பிறகு தனியாக.

உங்களுக்கும் இதேபோல் ஒன்று. கோட்டுக்கு ஒட்டி ஓட்டாமல் இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ட்ராட்டில் போங்கள். வேலியோரமே ஓட்டிப் பழகிய குதிரை தள்ளாடிக்கொண்டு ஓரத்துக்குச் சாயும். இத்தனை நாளும் அதை நேராக வைத்திருந்தது வேலி என்பது அப்போது தெரிந்துவிடும். வெளிப்பக்கக் காலையும் வெளிப்பக்கக் கடிவாளத்தையும் பயன்படுத்தி அதை நேராக்கக் கற்றுக்கொண்டால், வேலி இல்லாத அரீனாவில் ஓட்டுவது பயமாக இருக்காது. இதை முதலில் நடையில், இடச்சுற்று வலச்சுற்று இரண்டிலும், தினமும் கொஞ்ச நேரம் செய்யுங்கள். சட்டங்களை வைத்த முதல் நாள் குதிரையின் மேல் ஏறாதீர்கள், கையில் பிடித்து இருபக்கமும் சுற்றி நடத்திக் காட்டுங்கள், முகர்ந்து பார்க்க விடுங்கள். ஒரு சட்டத்தை வேண்டுமென்றே தள்ளிவிட்டு அந்தச் சத்தத்தையும் பழக்குங்கள்.

வேலையின் வரிசை: வெளிக்கேட்டுப் பூட்டும் வெள்ளை டேப்பும் இந்த வாரமே. நிலம் சமப்படுத்துவதும் கரையும் புரட்டாசிக்குள். சமப்படுத்தும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஒரு பக்கமாக வாட்டம் வையுங்கள், தாழ்ந்த பக்கத்துக் கரையில் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். இல்லாவிட்டால் கரை கட்டியது ஏரியாகிவிடும். வெட்டிவேரை ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். மழை நின்று மண் காய்வதற்குள் மரமில்லில் சட்டங்கள் தயாராகியிருக்கும். முதல் பெருமழைக்கு அடுத்த நாள் குடை பிடித்துக்கொண்டாவது ஒரு சுற்று நடந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அரீனாவின் மேல்பரப்புக்கு மணல் பரப்புவதற்கு முன் அந்த இடங்களை நிரவியாக வேண்டும். மணல் போட்டபிறகு அடிமண்ணைத் தொட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும்.